சுண்டிவிட்ட நாணயம்

சென்னைக் கடற்கரையிலிருந்து கிளம்பும் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷனின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. தினமும் அதில் போய் வருகிறவர்களில் பலருக்கு அது ஒரு ஏரியா பெயர், அவ்வளவுதான். 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். நகரத்துக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே. நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு, குடும்பத்திலிருந்து தூரம். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய இந்த யோசனை உலகமெங்கும் பரவி, ஏறக்குறைய நூறு வருடம் காசநோய்க்கான சரியான வைத்தியமாக இருந்தது. மருந்து வந்த பிறகும் மருந்தோடு சேர்த்து படுக்கையும் வேண்டும் என்றே நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்த வேலையும் அதே ரயில் பாதையில், கொஞ்சம் வடக்கே, சேத்துப்பட்டில்தான் நடந்தது. நான் மருத்துவம் படித்தவன் அல்ல. இந்தக் கதைக்குள் நான் போனது ஒரு அறக்கேள்வியைத் துரத்திக்கொண்டு. மருத்துவ ஆராய்ச்சியாளர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கண்டுபிடித்தவர். மைக்ராஸ்கோப், வெள்ளைக் கோட், நோபல் பரிசு. ஆனால் மருத்துவம் நகர்ந்த இடங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அங்கே வேறொரு ஆள் நிற்கிறார். கண் முன்னால் நோயாளி இருக்கும்போது "எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்கிற ஆள். ஒரு டாக்டர் அப்படிச் சொன்னால் நாம் வேறு டாக்டரைப் பார்க்கப் போய்விடுவோம். அதையே ஆராய்ச்சியாளர் சொன்னால் அது அறமா, அறமீறலா?

தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒரு தேதியிலிருந்து போகலாம். புதுமைப்பித்தன் காசநோயில் இறந்தது 1948 ஜூன் 30, திருவனந்தபுரத்தில். வயது நாற்பத்திரண்டு. அதே வருடம் அக்டோபர் 30ஆம் தேதி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஸ்ட்ரெப்டோமைசின் பற்றிய ஆய்வறிக்கை வெளிவந்தது. சரியாக நான்கு மாதம். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அன்றைக்கு வேறு எதுவும் என்னால் படிக்க முடியவில்லை.

அந்த அறிக்கைதான் நவீன மருத்துவ ஆய்வு முறையின் தொடக்கம் என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. 107 நோயாளிகள். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை. ஒட்டிய உறைக்குள் இருந்த சீட்டு முடிவு செய்தது. அந்தக் குலுக்கலை வடிவமைத்தவர் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள், பெறாதவர்களில் 14 பேர். மருந்து கிடைக்காத அந்த 52 பேருக்கு, தாங்கள் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டவர்கள் என்பதே கடைசிவரை தெரியாது. சொல்லவில்லை. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது.

வழக்கறிஞராக இருக்கும் என் நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது கொதித்துவிட்டான். "டேய், காசைச் சுண்டிப் போட்டு யாரு பொழைக்கணும்னு முடிவு பண்ணுவாங்களா? இதுக்குப் பேரு அறிவியலா? கசாப்புக் கடைக்காரன்கூட ஆட்டைத் தடவிப் பாத்துதான் எடுப்பான்."

கோபம் நியாயமானது. ஆனால் அன்றைய நிலைமையை அவன் கணக்கில் எடுக்கவில்லை. போர் முடிந்து திவாலான பிரிட்டனிடம் அமெரிக்க மருந்தை வாங்க டாலர் இல்லை. இருந்த கொஞ்ச மருந்து எல்லோருக்கும் பத்தாது. எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்பதால்தான் குலுக்கல் நடத்துவதை நியாயப்படுத்த முடிந்தது என்று ஹில் பிற்காலத்தில் விளக்கினார். சரி, குலுக்கல் இல்லாவிட்டால் வேறு என்ன வழி? நமக்கு நன்றாகத் தெரிந்த வழிதான். சிபாரிசு. அதே 1948இல் ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. பத்திரிகை ஆசிரியரான நண்பர் டேவிட் ஆஸ்டர் மூலமாக அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார்கள். ஆர்வெல்லின் உடம்பு அதை ஏற்கவில்லை. தோல் உரிந்து, வாய் புண்ணாகி, நிறுத்த வேண்டியதாயிற்று. 1950 ஜனவரியில் இறந்தார். அவருக்கு அது கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு நண்பர் இருந்தால் நானும் கேட்டிருப்பேன். ஆனால் அவர் உடம்பில் நடந்ததிலிருந்து மருத்துவம் அதிகம் கற்றுக்கொள்ள முடியவில்லை. ஒருவருக்குச் சிபாரிசில் கொடுத்த மருந்து அவரோடு முடிந்துவிடுகிறது. நாணயத்துக்குச் சொந்தக்காரன், தெரிந்தவன், ஜாதிக்காரன் என்று யாரும் கிடையாது. தமிழில் அந்த ஒரே சொல்லுக்கு நேர்மை என்றும் அர்த்தம் இருப்பது தற்செயல்தான் என்றாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

இன்னொன்றும் நடந்தது. அந்த 107 பேரையும் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்துபோனார்கள், பெறாத 52 பேரில் 35 பேர். ஆறாவது மாதத்தில் அற்புதமாகத் தெரிந்தது ஐந்தாவது வருடத்தில் ஏறக்குறைய கரைந்துவிட்டது. ஒற்றை மருந்தைக் கிருமி பழகிக்கொண்டது. முதல் வெற்றியோடு மாலை வாங்கிக்கொண்டு போயிருந்தால் இது தெரியவே வந்திருக்காது. மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பாடம், பெரிய பெயரெடுத்த தங்கள் முடிவையே சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தவர்களால் வந்தது.

இப்போது சேத்துப்பட்டு.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை இங்கே தொடங்கின. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். நாட்டில் லட்சக்கணக்கில் நோயாளிகள், சில ஆயிரம் படுக்கைகள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. படுக்கை வேண்டுமா?

எளிமையான கேள்வி என்று இப்போது சொல்லிவிடலாம். அன்றைக்கு அது கிட்டத்தட்ட தெய்வ நிந்தனை. சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில், ஒற்றை அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீடுகளில், சளியில் கிருமியோடு இருக்கிற ஒருவரைத் திரும்ப அனுப்புவது. பக்கத்திலேயே குழந்தைகள். வீட்டில் சத்தான சாப்பாடும் இல்லை, ஓய்வும் இல்லை. மறுபக்கம் சானடோரியத்தில் படுக்கை, பால், முட்டை, நர்ஸ். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட், கூடவே கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய, வயிற்றைப் புரட்டும் பாஸ். ஒரு வருடம். யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பது மறுபடியும் குலுக்கல்.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வந்தது. முக்கியக் கணக்கில் வந்த 163 பேரில் ஏறக்குறையப் பாதி வீட்டில், பாதி சானடோரியத்தில். வருட முடிவில் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். பயந்த மாதிரி குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே தொற்றிவிட்டிருந்தது. இதற்குப் பிறகு சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது பொது மருத்துவமனைகள் ஆயின. இந்தியாவில் மட்டுமல்ல, பணக்கார நாடுகளிலும்.

86, 92 என்ற எண்களை நான் சும்மா தாண்டிப் போக விரும்பவில்லை. சதவீதத்தை ஆளாக மாற்றினால் வித்தியாசம் ஏறக்குறைய ஐந்து பேர். புள்ளியியல் இதைத் தற்செயலுக்குள் அடங்கும் வித்தியாசம் என்று சொல்லும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிட்டதால் அது சரியும்கூட. ஆனால் 1959இல் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த ஐந்து வருடம் இன்னும் நடக்கவில்லை. அவர்கள் முன்னால் இருந்தது ஐந்து பேர். அந்த ஐந்தை வைத்துக்கொண்டு "படுக்கைதான் சிறந்தது" என்று எழுதியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பாதுகாப்பான முடிவும் அதுதான். அப்படி எழுதியிருந்தால், படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கானவர்களுக்குப் படுக்கைக்கான காத்திருப்புப் பட்டியல்தான் வைத்தியமாக இருந்திருக்கும். கருணை என்பது கண் முன்னால் இருப்பவர் மேல் வருவது. கணக்கில் மட்டுமே இருக்கிற ஆள் மேல் கருணை வர ஒரு பயிற்சி வேண்டும். ஆராய்ச்சியாளரை டாக்டரிடமிருந்து வேறுபடுத்துவது இந்த இடம்தான் என்று நினைக்கிறேன்.

இந்த மையத்தின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி லேபில் நடந்தது அல்ல. நர்ஸுகளும் சுகாதாரப் பணியாளர்களும் சொல்லாமல் கொள்ளாமல் நோயாளியின் வீட்டுக்குப் போவார்கள். மிச்சமிருக்கும் மருந்தை எண்ணுவார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேட்டால், "தவறாம சாப்பிடறேம்மா" என்பார் நோயாளி. சிறுநீர் வேறு சொல்லும். இருமல் நின்று உடம்பு தேறியதும் மருந்தை நிறுத்திவிடுவது மனித இயல்பு. நானும் நீங்களும் ஆன்டிபயாடிக் அட்டையில் கடைசி மூன்று மாத்திரையை என்ன செய்கிறோம்? இதை ஒழுக்கக் கேடாகப் பார்க்காமல், உடம்பின் ஒரு இயல்பைப் போல அளந்தார்கள். அதிலிருந்துதான் வாரம் இரண்டு முறை வந்து பணியாளர் முன்னிலையில் மருந்து எடுக்கும் முறையை 1960களில் சோதித்துப் பார்த்தார்கள். பின்னால் உலகமே டாட்ஸ் என்று எடுத்துக்கொண்ட முறையின் வேர் இங்கே. ஆனால் சந்தேகப்பட்டு வீட்டுக் கதவைத் தட்டுவது சங்கடமான வேலை. ஏழை வீட்டைத்தான் அப்படிச் சொல்லாமல் தட்ட முடியும் என்பதும் உண்மை. போட் கிளப் பங்களாவில் யாரும் மாத்திரை எண்ணப் போயிருக்க மாட்டார்கள்.

இந்த வர்க்கக் கேள்வி மொத்த ஆய்வின் மேலும் நிற்கிறது. ஏழைக்கு இது போதும் என்று நிரூபிக்கத்தானே இத்தனையும்? நண்பன் இதையும் கேட்டான். கேட்கத்தான் வேண்டும். என் பதில்: ஏழைக்கு மட்டும் என்று முடிந்திருந்தால் அது அநியாயம். படுக்கை யாருக்குமே தேவையில்லை என்று முடிந்ததால், சென்னைக் குடிசைகளில் கிடைத்த பதில் லண்டன் நோயாளியையும் வீட்டுக்கு அனுப்பியது. ஆனாலும் முழுத் திருப்தி இல்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நடுவில் ஒரு தோல்வி. உங்கள் இடது தோளில் ஒரு தழும்பு இருக்கும், பாருங்கள். பிசிஜி. 1948இல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசி தயாரிப்பு தொடங்கி, பிரம்மாண்டமான இயக்கமாக ஊசி போட்டார்கள். 1955இல் ராஜாஜி இதை எதிர்த்துத் துண்டுப் பிரசுரமே வெளியிட்டார். அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கினார்கள். 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில், உலகின் மிகப் பெரிய பிசிஜி ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான ஆட்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. ஏழரை ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகு 1979இல் வந்த முடிவு: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. பிரிட்டனில் பதின்வயதினருக்கு எண்பது சதவீதம் அளவுக்குப் பாதுகாப்பு கொடுத்த அதே தடுப்பூசி இங்கே பூஜ்யம். நம் மண்ணிலும் நீரிலும் இருக்கும் வேறு வகைக் கிருமிகளோடு நம் உடம்பு ஏற்கெனவே பழகியிருப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அப்படியானால் ராஜாஜி சொன்னது சரியா? அப்படி ஒரு வரியில் முடிக்க நம்மூரில் பலருக்கு ஆசை. ராஜாஜிக்கு இருந்தது சந்தேகம். சந்தேகம் நல்லது, ஆனால் அது அறிவு ஆகிவிடாது. ஊசியை ஆதரித்தவர்களுக்கு இருந்ததும் நம்பிக்கைதான், அறிவு அல்ல. இரண்டு பெரிய மனிதர்கள் மேடையில் மோதிக்கொண்டால் கை தட்டலை வைத்து முடிவாகும். பத்து வருடம் வெயிலில் கிராமம் கிராமமாக நடந்து சளி சேகரித்தவர்கள் கொண்டுவந்த முடிவு இரண்டு பேருக்குமே முழுசாகச் சாதகமில்லை. பெரியவர்களுக்குப் பயனில்லை. ஆனால் கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் மாதிரியான கடுமையான காசநோயைத் தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியதால், இன்றும் பிறந்ததும் போடுகிறோம். ஒரு ஊசியைப் பற்றி இவ்வளவு துல்லியமாக, "இவருக்கு ஆம், அவருக்கு இல்லை" என்று சொல்ல முடிவது சாதாரண விஷயம் இல்லை.

அந்த ஆய்வாளர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு மனிதரின் வேலைக்காலத்தில் மூன்றில் ஒரு பங்கு. கைநீட்டி ஊசி போட்டுக்கொண்ட கிராமத்து மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க இருந்தது ஒரு பூஜ்யம். அதை மறைக்க அரசியல் காரணம் இருந்தது, பணக் காரணம் இருந்தது, சங்கடம் இருந்தது. உலகமெங்கும் போடப்படும் தடுப்பூசி அது. வெளியிட்டார்கள். புதிய காசநோய்த் தடுப்பூசிக்கான இன்றைய தேடலுக்கு அந்த பூஜ்யமும் ஒரு காரணம். இதற்கெல்லாம் பரிசு கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசினுக்கு 1952இல் நோபல் கொடுத்தபோதே, கையால் அதைப் பிரித்தெடுத்த மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸை விட்டுவிட்டு வாக்ஸ்மேனுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். வேலை செய்யும் மருந்தைக் கண்டுபிடித்தவருக்கே அந்த கதி என்றால் வேலை செய்யாததைக் கண்டுபிடித்தவருக்கு யார் சிலை வைப்பார்கள்?

இப்போது அந்தத் திருப்தியில்லாத இடத்துக்கு வருகிறேன். சாப்பாடு.

சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் நோயாளிகளின் உணவையும் அளந்தார்கள். 1961இல் தனி அறிக்கையே வந்தது. வீட்டில் இருந்தவர்கள் சரியாகச் சாப்பிடவில்லை, எடையும் அதிகம் கூடவில்லை; ஆனாலும் மருந்து அவர்களைக் குணப்படுத்தியது. அதாவது நல்ல மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் கிருமியை அடக்கச் சத்துணவு கட்டாயமில்லை. கேள்விக்கு நேர்மையான பதில். ஆனால் பதில்கள் தங்கள் கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டுப் பயணம் போகும். "குணமாகச் சாப்பாடு கட்டாயமில்லை" என்பது, காசநோயில் சாப்பாடு ஒரு பெரிய விஷயமே இல்லை என்று ஆகிவிட்டது. பல பத்தாண்டுகள் காசநோய்த் திட்டம் என்றால் மாத்திரைத் திட்டம்தான். அரசுகளுக்கு இது வசதி. பசியை ஒழிப்பதைவிட மாத்திரை கொடுப்பது மலிவு.

2023 ஆகஸ்டில் லான்செட்டில் ஜார்க்கண்ட் ஆய்வு வந்தது. அதில் பங்கெடுத்த நிறுவனங்களில் ஒன்று, பெயர் மாறி வளர்ந்து நிற்கும் அதே சேத்துப்பட்டு மையம். நடத்தியவர்களில் முன்னால் நின்றவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா. கேள்வியை மாற்றினார்கள். நோயாளி குணமாகச் சாப்பாடு வேண்டுமா என்பதல்ல. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வராமல் இருக்குமா? 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுக் கூடை. ஒரு பிரிவில் குடும்பத்தாருக்கும் சேர்த்து. பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. இன்னொரு பிரிவில் குடும்பத்தாருக்குக் கிடையாது. சாப்பாடு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றும் வகை 48 சதவீதம் குறைந்தது. ஊசி அல்ல. அரிசியும் பருப்பும்.

"இரு இரு," என்றான் நண்பன். "அந்த இன்னொரு பிரிவு வீட்டுல இருந்தவங்க? அவங்களும் பசியோடதானே இருந்தாங்க? பசிச்சவனுக்குச் சோறு போட்டா நல்லதுன்னு தெரிஞ்சுக்க குலுக்கல் எதுக்குடா?"

ஹில்லுக்கு மருந்து பத்தவில்லை. ஃபாக்ஸுக்குப் படுக்கை பத்தவில்லை. ஜார்க்கண்டில் எது பத்தவில்லை? அரிசி இந்த நாட்டில் கிடங்குகளில் கிடக்கிறது. முன்னால் சொன்ன நியாயம் இங்கே அப்படியே பொருந்தாது என்று ஒப்புக்கொண்டேன். சாப்பாடு நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். அது காசநோயை இவ்வளவு தடுக்கும் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்த 'இவ்வளவு' தெரிந்தால்தான் கோப்பு நகரும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அரசால் மறுக்க முடியாத ஒன்றாக மாற்றுவதும் ஆராய்ச்சியாளரின் வேலையாகிவிட்டது. அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்த இன்னொரு பிரிவு வீட்டுக்காரர்கள். ஆய்வாளர்கள் குறைந்தபட்சம் நோயாளிகள் ஒருவரையும் வெறும் கையோடு விடவில்லை. அவர்களும் இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த வீட்டில், நோயாளிக்கு வந்த கூடையை ஒரு அம்மா குழந்தைகளுக்கு முன்னால் எப்படிப் பிரித்திருப்பாள் என்று யோசித்தால் எனக்கு வார்த்தை வரவில்லை.

"சரி, கோப்பு நகர்ந்துச்சா?" என்றான்.

நகர்ந்தது. காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக அரசு கொடுத்துவந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. குடும்பத்தாருக்கும் உணவுக் கூடை என்று அறிவித்திருக்கிறார்கள்.

நண்பன் போனை எடுத்தான். துவரம்பருப்பு கிலோ என்ன விலை என்று தேடி, ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று கால்குலேட்டரில் போட ஆரம்பித்தான்.